தீபாவளிக்குப் பூட்டாதீர்கள்

பின்னல் துணியால் பேர் வாங்கிய இந்த ஊரில், வீடில்லாத பெண் பிள்ளைகளுக்கும் ஒரு கூரை பின்ன வேண்டும் என்று எண்ணிய விழாத் தலைவர், எங்கள் கன்னையன் ஐயா அவர்களே! ஐயாவுக்கு இருபுறமும் அமர்ந்து, போட்ட மாலையைக் கழற்ற மனமில்லாமல் வேர்த்துக்கொண்டிருக்கும் இல்லக் குழுவின் பெரியோர்களே! கழட்டிருங்க சாமி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. முன்வரிசையில் மடியில் குழந்தையும் கையில் விசிறியுமாக வீற்றிருக்கும் தாய்மார்களே! ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் பஞ்சுத் தூசி பூத்திருக்க, நின்றபடி கேட்க வந்திருக்கும் டெய்லர் அண்ணன்மார்களே, செக்கிங் அக்காமார்களே! ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலைவாரி, ஒரே சோப்புக்குத் தினமும் சண்டை போடும் என் இல்லத்துச் சகோதரிகளே! அத்தனை பேருக்கும் இந்த மயிலாளின் வணக்கம்.

என்னங்க சிரிக்கறீங்க? பொட்டப்புள்ளைக்கு மைக்கக் குடுத்துட்டோமேன்னா? குடுத்தாச்சுங்க. இனி திருப்பி வாங்கறது கஷ்டம்.

எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவள் நான். அப்படியிருக்க, இந்த மேடைத் தமிழ் எனக்கு எங்கிருந்து வந்தது? நான் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்குப் பின்னால் ஒரு மைதானம். பொழுது சாய்ந்தால் ஏதாவது ஒரு கட்சி, ஏதாவது ஒரு கூட்டம், ஏதாவது ஒரு குழாய் ஒலிபெருக்கி. எல்லாக் கட்சிகளும் சேர்ந்து எனக்கு இலவசமாகத் தமிழ் சொல்லிக் கொடுத்தன. பதிலுக்கு ஓட்டுப் போடலாம் என்றால், பேர் சேர்க்க வீட்டு விலாசம் கேட்டார்கள். விலாசத்துக்கு நான் எங்கே போவேன்?

இன்று என்னை அழைத்தது நன்றியுரை சொல்ல. சொல்லத்தான் போகிறேன். நெஞ்சு கொள்ளாத நன்றி இருக்கிறது எனக்கு. ஆனால் நன்றியோடு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. சுற்றி வளைக்கத் தெரியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் தீபாவளி. தீபாவளி லீவுக்கு எங்கள் இல்லத்தைப் பூட்டப் போகிறார்கள். பூட்டாதீர்கள்.

இருங்க, இருங்க. மேடையில ஒருத்தரை ஒருத்தர் பாக்க வேண்டாமுங்க. கெட்ட எண்ணத்துல யாரும் பூட்டலைன்னு எனக்குத் தெரியும். அதையுந்தான் சொல்ல வந்திருக்கறேன்.

பெரியோர்களே! திருப்பூர் உங்களுக்குத் தெரியும். தீபாவளித் திருப்பூர் தெரியுமா? தெரிந்திருக்க வழியில்லை. ஏனென்றால் அந்த நாட்களில் நீங்கள் யாரும் இங்கே இருப்பதில்லை!

போனஸ் கைக்கு வந்த அன்றே ஊர் கலையத் தொடங்கும். பஸ் ஸ்டாண்டில் மதுரைக்கும் தேனிக்கும் சேலத்துக்கும் வண்டி வந்து நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு விழும், பை விழும், சில சமயம் பிள்ளையே விழும். மிஷின்களுக்குப் போர்வை போர்த்துவார்கள். ஷட்டர் இறங்கும். மெஸ் மூடும். டீக்கடை மூடும். சாயப்பட்டறைகள் மூச்சு நிறுத்தும். வருடம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாக ஓடுகிற நொய்யல், அந்த ஒரு வாரம் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர் நிறத்தில் ஓடும். அந்தத் தண்ணீரைப் பார்த்தவர் உங்களில் எத்தனை பேர்? நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் பார்த்திருக்கிறேன். ஏனென்றால் நான் இங்கேதான் இருந்தேன்.

நான் மங்கலத்துக்காரி. விசைத்தறி ஓட்டும் அம்மாவுக்கும், தறி ரிப்பேர் பார்க்கும் அப்பனுக்கும் ஒரே பெண். வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருந்தோம். அம்மா போனாள், அப்பனும் போனான். அம்மா செத்துப் போனாள். அப்பன் சொல்லாமல் போனான். வீட்டுக்காரர் நல்லவர்தான், கொஞ்ச நாள் பொறுத்தார். அப்புறம் வேறு ஆளைக் குடி வைத்தார். பதினாலு வயதில் ஒரு துணிப்பையோடு திருப்பூர் வந்தேன். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுக்கும் வேலை கிடைத்தது. கைமடி என்பார்கள், தெரிந்திருக்கும் உங்களுக்கு. கம்பெனி ஸ்டாக் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளவும் இடம் கிடைத்தது. வேலை கொடுத்தார்கள், சோறு கொடுத்தார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது.

ஒரே ஒரு கேள்விதான் என்னைக் கொன்றது. நம் ஊரில் ஒருவரைப் பார்த்தால் நாம் முதலில் கேட்கும் கேள்வி. அன்பாகக் கேட்கும் கேள்வி. வாஞ்சையாகக் கேட்கும் கேள்வி.

"எந்த ஊரு கண்ணு?"

எங்கள் சூப்பர்வைசர் பூவாத்தாள் அக்காதான் கேட்டார்கள். மங்கலம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்து என்ன கேட்பார்கள்? மங்கலத்தில் எந்த வீதி, அம்மா என்ன பண்ணுகிறாள், அப்பன் என்ன பண்ணுகிறான்? சுவரில் ஒரு நெய்க்கடைக் காலண்டர் தொங்கியது. அதில் இருந்த ஊரைப் படித்தேன்.

"ஊத்துக்குளிங்க அக்கா."

"அட! அம்மா இருக்கறாங்களா?"

"இருக்கறாங்க. எருமை வச்சிருக்கறோம்."

ஒரு நொடியில் எனக்கு ஊர் வந்தது. ஊருக்குள் வீடு வந்தது. வீட்டுக்குள் அம்மா வந்தாள். அம்மாவுக்கு எருமையும் வந்தது!

சிரிக்கறீங்க. சிரிங்க. அப்ப எனக்கும் சிரிப்பாத்தானுங்க இருந்துச்சு. தீபாவளி வந்த போதுதானே தெரிஞ்சுது. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளின்னு சொன்னவளை இந்த ஊரு சும்மா விடுமா?

"மயிலா, வரும்போது வெண்ணெய் வாங்கியாறயா கண்ணு?"

"எனக்கும் ரெண்டு உருண்டை."

"உங்கம்மா கடைஞ்சதாக் கொண்டா. கடையில வாங்குனதை எங்ககிட்டயே தள்ளீராதே!"

தீபாவளிக்கு முந்தின நாள் எனக்குப் புதுத் துணி எடுத்துக் கொடுத்தார்கள். பொட்டலத்தில் ஜிலேபி கொடுத்தார்கள். கம்பெனிக்குப் பூட்டுப் போட்டு, பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்து, "அம்மாவைக் கேட்டதாச் சொல்லு" என்று கையசைத்து வழியனுப்பினார்கள். எண்ணிப் பாருங்கள் தாய்மார்களே! என்மீது அன்பில்லாதவர்களா அவர்கள்? அன்பால்தான் அனுப்பினார்கள். இல்லாத ஊருக்கு, இல்லாத வீட்டுக்கு, இல்லாத அம்மாவிடம், இருக்கிற அன்பையெல்லாம் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள்!

நான் எங்கே போனேன்? அவிநாசியில் கிளம்பி, திருப்பூர் வழியாக மங்கலம் போகும் டவுன் பஸ் ஒன்றில் ஏறினேன். மங்கலத்தில் இறங்கினேன். திரும்ப ஏறினேன். அவிநாசியில் இறங்கினேன். திரும்ப ஏறினேன். பகல் முழுக்க அதுதான் என் வீடு. ஏன் பஸ்? தீபாவளிக்குப் பையோடு தெருவில் நிற்கும் பெண்ணை ஊர் ஒரு மாதிரி பார்க்கும். தீபாவளிக்குப் பையோடு பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால், "பாவம், ஊருக்குப் போறா" என்று நகர்ந்து இடம் கொடுக்கும். பொழுது இறங்கினால் ரயில்வே ஸ்டேஷனில் குடும்பங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்வேன். லீவு முடியும் தறுவாயில் ரயிலேறி ஊத்துக்குளி போய், கடையில் வெண்ணெய் வாங்கி, கடை அடையாளம் தெரியாமல் வாழை இலையில் மாற்றிக் கட்டி, அம்மா கொடுத்தாள் என்று கொண்டுவந்து நீட்டுவேன்.

"உங்கம்மா கை மணமே தனி" என்பார்கள் பூவாத்தாள் அக்கா.

அந்தப் பேச்சைக் கேட்கையில் எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா? அக்கா இங்கேதான் இருக்கிறார்கள். அழாதீங்க அக்கா. ஒரு அனாதைப் பிள்ளையின் அம்மாவை வருடாவருடம் வாயாரப் புகழ்ந்தீர்கள். உலகத்தில் வேறு யார் புகழ்ந்தார்கள் அவளை? உங்களுக்குத்தான் என் முதல் நன்றி.

பெரியோர்களே! உடம்புக்கு நோய் வந்தால் ஊர் கூடுகிறது. விரலில் ஊசி ஏறினால் ஓனரே காரில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறார். மனதுக்கு நோய் வந்தால்? யாருக்குத் தெரியும்? நோய் வந்தவளுக்கே தெரியவில்லையே!

ஐப்பசி பிறந்தால் எனக்குத் தூக்கம் போகும். நெஞ்சு மிஷின் போல அடிக்கும். சோற்றைக் கண்டால் குமட்டும். காலண்டரை யாராவது கிழித்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். ஊத்துக்குளி அம்மா என்னோடு பேசத் தொடங்கினாள். முதலில் நான் பேச வைத்தேன். பிறகு அவளாகப் பேசினாள். "எப்ப வருவே மயிலா? எருமைக்குத் தீனி இல்லை" என்பாள். நான் வேலை நடுவே, "வர்றேம்மா" என்பேன். பக்கத்து டெய்லர், "யாருகிட்டப் புள்ள பேசறே?" என்பார். "பாட்டுங்க அண்ணா" என்பேன். அம்மா இல்லாதது தெரிந்தால் எனக்கு அழுகை வர வேண்டும். எனக்கோ, அம்மா இல்லாதது மறந்தே போகத் தொடங்கியது.

அப்படி ஒரு தீபாவளி அன்று காலை. பட்டாசுப் புகை. மங்கலம் போகும் பஸ். நாங்கள் குடியிருந்த லைன் வீட்டைப் பஸ் தாண்டுகிறது. வாசலில் யாரோ ஒரு அம்மா, யாரோ ஒரு பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அதைத்தான் பார்த்தேன். அவ்வளவுதான். கடைசி ஸ்டாப் வந்தது. என்னால் எழ முடியவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மூச்சு உள்ளே போகிறது, வெளியே வர மறுக்கிறது. கம்பியைப் பிடித்த கையை என்னால் விடுவிக்க முடியவில்லை.

கண்டக்டர் அப்புசாமி அண்ணன் வந்தார்.

"அம்மிணி, வண்டி இதுக்கு மேல போகாது. எறங்கலையா?"

"எங்கம்மா எறங்கச் சொல்லலைங்க."

"உங்கம்மா எங்க?"

"ஊத்துக்குளீல."

"இது மங்கலம் அம்மிணி!"

"தெரியுமுங்க."

அப்புறம் கேட்க வேண்டுமா? பஸ்ஸே வைத்தியரானது!

"தண்ணி தெளிங்க மூஞ்சீல!"

"காத்து கருப்பு அடிச்சிருக்குது, பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து இவ மேல ஏறிருச்சு!"

"ஒண்ணுமில்லீங்க, எவனோ வர்றேன்னு சொல்லி ஏமாத்தியிருப்பான். புதுத் துணியப் பாருங்க!"

"டிக்கெட்டு எடுத்திருக்குதா அது?"

"எடுத்திருக்குதுங்க" என்றார் அப்புசாமி அண்ணன். "காத்தால இருந்து எடுத்துட்டே இருக்குது. போன தீபாவளிக்கும் எடுத்துச்சு. நான் பாத்துட்டுத்தானே இருக்கறேன்."

கேட்டீர்களா சபையோரே? ஊர் முழுக்க என்னை ஊருக்குப் போகிறவள் என்று நினைத்தபோது, ஒரே ஒருவர் கவனித்திருக்கிறார்! அண்ணனும் இங்கேதான் நிற்கிறார், காக்கிச் சட்டையோடு, டூட்டி நடுவே. கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டாமல், கண்டுகொண்டு மட்டும் இருந்தவருக்கு என் இரண்டாவது நன்றி.

அந்த நேரத்தில்தான் முன் சீட்டில் இருந்து ஒரு அம்மா எழுந்து வந்தார்கள். தலையில் முக்காடு, கையில் சோறு நிறைத்த தூக்குப்போசி. காத்தூன் பீவி அம்மா. பனியன் கம்பெனிகளின் வேஸ்ட் துணியை வாங்கி விற்கும் சேக் தாவூது பாயின் மனைவி. மங்கலத்தில் தங்கச்சி வீட்டுக்குச் சோறு கொண்டுபோக வந்தவர்கள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எந்த ஊர் என்று கேட்கவில்லை. யார் பிள்ளை என்று கேட்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த என் கைமேல் கை வைத்தார்கள்.

"நீ எறங்க வேண்டாம் கண்ணு. நானும் எறங்கல. கண்டக்டரு, ரெண்டு டிக்கெட்டு குடுங்க."

"எங்கீங்க?"

"இந்த வண்டி எங்க போகுதோ அங்க."

"உங்க தங்கச்சி ஊடு இங்கதானுங்களே? சோறு ஆறிப்போயிருமுங்க!"

"ஆறுனாச் சுட வச்சுக்குவா. அவளுக்கு அடுப்பு இருக்குது."

என்னோடு அவிநாசி வரை வந்தார்கள். அவிநாசியில் இருந்து திரும்பவும் வந்தார்கள். ஒரு வார்த்தை அறிவுரை இல்லை. பாதி வழியில், "எனக்கு இந்த ஜன்னலோரம் குடேன், காத்து வேணும்" என்றார்கள். நான் நகர்ந்தேன். நகர்ந்தபோதுதான் கம்பியிலிருந்து என் கை வந்துவிட்டது தெரிந்தது. அதன்பிறகுதான் அழுதேன். அந்த டவுன் பஸ்ஸே கேட்கும்படி அழுதேன். அவர்கள் வீட்டில்தான் இறங்கினேன்.

காத்தூன் பீவி அம்மா இன்று எழுந்து நிற்க மாட்டேன் என்கிறார்கள், வெட்கம். நிக்க வேண்டாமுங்கம்மா. எனக்காக அன்னைக்கு உக்காந்தீங்களே, அது போதும்.

லீவு முடிந்ததும் அவர்கள்தான் என்னைக் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். மனதுக்கு வைத்தியம் பார்க்கும் இடம். அக்கம்பக்கத்தில் எத்தனை பேச்சு!

"பைத்தியத்துக்குப் பாக்கற எடத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க? நாளைக்கு யாரு கட்டுவா இவளை?"

"கட்டறவன் வரும்போது வரட்டும். அதுக்கு இவ உசுரோட இருக்கோணுமா வேண்டாமா?" என்றார்கள் அம்மா.

அங்கே பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவன் கை சும்மா இல்லை. காற்றில் எதையோ பிடிக்கிறது, மடிக்கிறது, தட்டுகிறது. பிடிக்கிறது, மடிக்கிறது, தட்டுகிறது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"கைமடியா?"

"ஆமா. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நானும் அதான். எந்தக் கம்பெனி?"

சொன்னான். காசிமாயன் என்று பேர். உசிலம்பட்டிப் பக்கம். ஊரில் யாரும் மிச்சமில்லாமல் வந்தவன்.

"மிசினு ஓடுறப்ப ஒண்ணுந் தெரியலக்கா. தீவாளிக்கு நிப்பாட்டுனாய்ங்கள்ல, அப்பருந்து மண்டைக்குள்ள ஓடுது. நிப்பாட்ட முடியல. கைய நிப்பாட்டுனா மண்டை வெடிச்சிரும் போல இருக்குக்கா."

பெரியோர்களே, இதைவிடத் தெளிவாக எங்கள் நோயை எந்தப் புத்தகம் சொல்லும்? மிஷின் ஓடும்வரை நாங்கள் நன்றாக இருக்கிறோம். வேலை இருக்கிறது, சத்தம் இருக்கிறது, அக்கா இருக்கிறார், அண்ணன் இருக்கிறார். மிஷின் நின்றால் எல்லோருக்கும் வீடு. எங்களுக்கு மட்டும் மிஷின் தலைக்குள் இடம் மாறுகிறது!

டாக்டரம்மா என்னிடம் நிறையக் கேட்டார்கள். எப்போது ஆரம்பித்தது என்றார்கள். தீபாவளிக்கு முன்னால் என்றேன். எல்லா வருடமுமா என்றார்கள். ஆமாம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்தூன் பீவி அம்மாவைப் பார்த்தார்கள்.

"திருப்பூர்ல இருந்து எனக்கு வர்ற சின்னப் பிள்ளைங்க பாதிப் பேரு தீபாவளி, பொங்கல் கழிஞ்சுதாம்மா வர்றாங்க. இந்தப் பொண்ணுக்கு வந்திருக்கறது நோய். காய்ச்சல் மாதிரி இதுவும் ஒரு நோய், வெக்கப்பட ஒண்ணுமில்ல. மாத்திரை தர்றேன், வாரா வாரம் வந்து பேசட்டும். சரியாயிரும். ஆனா அடுத்த தீபாவளிக்கு இவ எங்க இருப்பா? அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்லையே!"

மாத்திரை வேலை செய்தது. பேச்சு வேலை செய்தது. ஊத்துக்குளி அம்மா மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தாள்; ஒரு நாள் பேச்சையே நிறுத்திவிட்டாள். அன்றைக்கு என் சொந்த அம்மாவுக்காக அழுதேன், அவள் செத்து அத்தனை வருடம் கழித்து. டாக்டரம்மா இங்கே வரவில்லை. அவர்கள் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு.

மாத்திரை இல்லாத அந்த மீதிக் கேள்வியைத்தான் காத்தூன் பீவி அம்மா தூக்கிக்கொண்டு நடந்தார்கள். சேக் தாவூது பாய் வேஸ்ட் எடுக்கும் கம்பெனிகளில் ஒன்று கன்னையன் ஐயாவுடையது. ஐயாவிடம் போய் உட்கார்ந்தோம்.

"நம்மூர்ல வீடில்லாத பொட்டப்புள்ளைகளா? எங்க இருக்குதும்மா?" என்றார் ஐயா.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "உங்க ஸ்டாக் ரூம்ல கூட இருக்குமுங்க, போய்ப் பாருங்க" என்றேன்.

போய்ப் பார்த்தார். கோபித்துக்கொள்ளவில்லை, போய்ப் பார்த்தார்! அடுத்த மாதம் ஒரு வீடு பார்த்தார். குழு சேர்த்தார். போன தை மாதம் கதவு திறந்தது. இன்றைக்கு அங்கே என்னோடு ஒரு கூட்டமே இருக்கிறது. வாரம் ஒரு முறை கோயமுத்தூரில் இருந்து ஒரு அம்மா வந்து எங்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். அழலாம், கோபப்படலாம், ஒன்றும் பேசாமலும் இருக்கலாம். தட்டில் சோறு, தலைக்கு எண்ணெய், கதவுக்கு உள்தாழ்ப்பாள். ஐயா, உள்தாழ்ப்பாளின் அருமை உங்களுக்குத் தெரியுமா? நாங்களாகவே உள்ளிருந்து போடும் தாழ்ப்பாளின் அருமை, வருடக்கணக்காக அது இல்லாமல் படுத்தவளுக்குத்தான் தெரியும். கோடி நன்றி உங்களுக்கு. காசிமாயனுக்குத் தன் குடோனிலேயே அறை கொடுத்த சேக் தாவூது பாய்க்கும் நன்றி. அதோ பின்னால் நிற்கிறான் காசிமாயன், கையை ஆட்டுகிறான். இப்போது அந்தக் கை ஆட்டினால் ஆடும், நிறுத்தினால் நிற்கும்!

கை தட்டுங்க, நல்லாத் தட்டுங்க. தட்டி முடிச்சுட்டு இதையுங் கேளுங்க.

போன வாரம் ஐயா இல்லத்துக்கு வந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "புள்ளைகளா! ஊருக்கெல்லாம் லீவு, உங்களுக்கு மட்டும் இல்லாமப் போகுமா? உங்களுக்கும் பத்து நாள் லீவு. எல்லாரும் சொந்த ஊருக்குப் போய் சந்தோசமா இருந்துட்டு வாங்க!" என்றார்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா பெரியோர்களே? கை தட்டினோம்! அத்தனை பேரும் கை தட்டினோம்! வீடில்லை என்பதற்காகச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள், வீட்டுக்குப் போங்கள் என்றதும் கை தட்டினோம். ஏன் தட்டினோம்? பழக்கம். ஊர் இருப்பது போல் முகத்தை வைத்துக்கொள்ளும் பழக்கம். அந்தப் பழக்கந்தான் ஐயா எங்கள் நோய்.

உங்கள் மீது தவறில்லை. திருப்பூரில் தீபாவளி என்றால் பூட்டுவார்கள். கம்பெனிக்குப் பூட்டு, மெஸ்ஸுக்குப் பூட்டு, இல்லத்துக்கும் பூட்டு. தலைமுறைகளாய்க் கை பழகிய வேலை, யோசிக்காமல் பூட்டிவிடுகிறோம்.

நேற்றைக்கு மத்தியானம் எங்கள் அறையில் ஒரு பெண் பை கட்டிக்கொண்டிருந்தாள். பேர் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது.

"எங்க புள்ள கெளம்பறே, இன்னும் எத்தனையோ நாள் இருக்குது?" என்றேன்.

"எங்கூருக்கு அக்கா."

"எது உங்கூரு?"

"காங்கயம் பக்கம். எங்க மாமா வரச் சொன்னாரு."

"மாமா என்ன பண்றாரு?"

கொஞ்சம் யோசித்தாள். "காளை வச்சிருக்கறாருங்க அக்கா. பெரிய காளை."

அவளுக்கு மாமா கிடையாது. இருக்கட்டும். அந்தக் காளையின் கொம்பு எத்தனை நீளம், கழுத்தில் என்ன மணி என்றெல்லாம் அவள் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி எனக்குத் தெரியும். அதற்குப் பின்னால் என்ன வரும் என்பதும் தெரியும். அந்தப் பெண்ணை எந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பப் போகிறீர்கள்? அவள் பக்கத்தில் வந்து உட்கார எந்தக் காத்தூன் பீவி அம்மாவை அனுப்பப் போகிறீர்கள்?

அதனால்தான் கேட்கிறேன். பூட்டாதீர்கள்!

என்னங்க ஐயா? வார்டன் அம்மா ஊருக்குப் போகோணுமா? போகோணுமுங்க! சீனியம்மாள் அம்மா எங்களுக்காகத் தை மாசத்துல இருந்து அவங்க பேரப்புள்ளைகளைப் பாக்காம இருக்கறாங்க. அவங்களைப் போக வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வருமா? சமையல்கார அக்காவும் போகட்டும். நல்லா இருந்துட்டு வரட்டும். கேள்வி அதில்லீங்க. திருப்பூரே காலியாகற அன்னைக்கு எங்களோட யாரு இருப்பா?

ஒன்று கேட்கிறேன் சபையோரே, தயவு செய்து உண்மையைச் சொல்லுங்கள். இந்தக் கூட்டத்தில் தீபாவளிக்கு ஊருக்குப் போகாதவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள்.

ஒருத்தருங் காணோம். சரிதான்.

வெட்கமா? எனக்கும் அந்த வெட்கம் இருந்தது. ஊருக்குப் போகவில்லை என்றால் கேவலம் என்று நினைத்தேன். ஊர் இல்லை என்று சொன்னால் ஆள் இல்லை என்று ஆகிவிடும் என்று நினைத்தேன். அந்த வெட்கத்தை மறைக்கத்தான் எருமை வளர்த்தேன், வெண்ணெய் கடைந்தேன், பஸ்ஸில் குடியிருந்தேன். இந்த மேடையில் நின்று, மைக்கைப் பிடித்துச் சொல்கிறேன்: எனக்கு ஊர் இல்லை. எனக்கு மனநோய் வந்தது. வைத்தியம் பார்த்தேன். சரியாகி வருகிறது. வானம் இடிந்து விழுந்துவிட்டதா? இல்லையே! இனி நீங்கள் தூக்குங்கள்.

யாருங்க அது, தூண் ஓரம்? செக்கிங் அக்காதானுங்களே? சத்தமாச் சொல்லுங்க. புருசன் போனதுக்கப்புறம் தீபாவளிக்குக் கதவைச் சாத்திட்டு, உள்ளயே இருந்துக்குவீங்களா? ஊருக்குப் போயிட்டு வந்ததா எல்லார்த்துகிட்டயும் சொல்வீங்களா? அக்கா... வாங்க அக்கா. அந்தக் கதவைத் திறந்துட்டு எங்க ஊட்டுக்கு வாங்க.

அங்க ஒரு கை. வாட்ச்மேன் அண்ணா, உங்களுக்கும் அதுதானா? கட்டிங் மாஸ்டர் ஐயா, நீங்களுமா? போன வருசம் ராமேஸ்வரம் போனேன்னு சொன்னீங்களே! சரி, சரி, கேக்கல. பொன்னாத்தாள் பாட்டி, உங்க கை பாதி தூக்குன மாதிரி இருக்குது, முழுசாத் தூக்குங்க. பின்னால இன்னும் நாலஞ்சு. அய்யோ, எண்ண முடியலீங்க. இத்தனை பேரா? இத்தனை பேருமா எங்களை மாதிரியே பையைக் கட்டிட்டு ஒளிஞ்சுட்டு இருந்தீங்க?

இருங்க, தலைவர் ஐயா எந்திரிச்சு வர்றாரு. மைக்குங்களா ஐயா? இந்தாங்க. சொல்லுங்க.

"அம்மிணி, பூட்டறதில்லை. இத்தனை கை இருக்குது. ஆனா இதுல பலகாரம் சுடத் தெரிஞ்ச கை எது? அதைக் கேட்டுச் சொல்லு, மாவு நான் அனுப்பறேன்."

கேட்டீங்களா? பூட்டறதில்லையாமா! ஏய், உக்காருங்க புள்ளைகளா, விசில் அடிக்காதீங்க. மாவு வருதாமா. முறுக்குப் புழியறவங்க எல்லாம் அந்தக் கையை அப்படியே வச்சிருங்க.

பெரியோர்களே, தாய்மார்களே! பேச இதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை. கூரை கொடுத்தீர்கள், அதற்கு நன்றி. கூட இருக்க வருகிறீர்கள், அதற்கு நன்றி சொல்ல மைதானத்துத் தமிழ் பத்தவில்லை. ஊர் இல்லை என்று தூக்கிய ஒவ்வொரு கைக்கும், தூக்க நினைத்து இன்னும் முந்தானைக்குள் வைத்திருக்கும் ஒவ்வொரு கைக்கும் இந்த மயிலாளின் வணக்கம்.

எறக்கிக்கங்க, கை வலிக்கப் போகுது. தீபாவளிக்கு எங்க ஊட்டுக்கு வந்துருங்க.